துப்பாக்கியைப் பூட்டுவதா? உள்ளத்தைத் திறப்பதா?

சில திங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. உப்பு வாரும் காலமாதலால், முதற் பூசைக்கு வந்திருந்தோர் இறுதி ஆசீர் பெற்றதும் விரைந்து அகன்றுவிட்டனர். மரக்காணத்து உப்பளங்களில் வெயில் ஏறுமுன் வேலையைத் தொடங்கினாலன்றி உடல் தாங்காது. கோயில் முற்றம் வெறிச்சோடிய பின்னும் ஒரு தாய் மட்டும் தூணருகே நின்றுகொண்டிருந்தார். முப்பது ஆண்டுகள் உப்பளத்தில் உழைத்து, பாதமெல்லாம் வெடித்துப்போனவர். அந்த உழைப்பில் படித்த மகன் இன்று அமெரிக்க நாட்டின் டெக்சஸ் மாநிலத்தில், டல்லஸ் நகருக்கு அருகில், கணிப்பொறித் துறையில் பணியாற்றுகிறான்.

“தோத்திரம் சாமி.”

“ஆண்டவர் ஆசீர்வதிப்பாராக. என்னம்மா, முகம் வாடியிருக்கிறதே?”

“பையன் வீட்டுல துப்பாக்கி வாங்கி வச்சிருக்கானாம் சாமி. மருமகப் பொண்ணு போன்ல சொல்லி அழுவுது. நான் கேட்டா, ‘உனக்கு ஒண்ணும் தெரியாதும்மா, இங்க எல்லாரும் வச்சிருக்காங்க’ன்றான். பேரப் பிள்ளைங்க ரெண்டும் அந்த வீட்டுலதானே ஓடியாடுது? நீங்க ஒரு காயிதம் எழுதுங்க சாமி. நீங்க சொன்னா கேப்பான்.”

எழுதுகிறேன் என்று வாக்களித்துவிட்டேன். ஆனால் அன்றிரவு தாளும் பேனாவுமாய் அமர்ந்தபோது என்ன எழுதுவதென்று விளங்கவில்லை. அவன் தீயவனல்லன், என் கையால் புதுநன்மை வாங்கிய பிள்ளை. அவனை ஆட்டுவது அச்சம். அவன் வாழும் பகுதியிலேயே, ஆலன் என்னும் ஊரின் அங்காடியில், 2023 மே 6 அன்று ஒருவன் சுட்டதில் 8 பேர் மாண்டனர். அவர்களுள் நம் நாட்டு இளம் பொறியியலாளர் ஒருவரும் உண்டு. அதற்கு முந்தைய ஆண்டு, 2022 மே 24 அன்று, அதே மாநிலத்தின் யுவால்டி ஊர்த் தொடக்கப் பள்ளியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் கொல்லப்பட்டனர். 2025 ஆகஸ்ட் 27 அன்று மினியாபொலிஸ் நகரில், மங்கள வார்த்தை மாதா ஆலயத்தில், பள்ளிப் பிள்ளைகள் திருப்பலி கண்டுகொண்டிருந்த நேரத்தில் சன்னல் வழியே குண்டுகள் பாய்ந்தன. 8 வயதும் 10 வயதுமான இரு குழந்தைகள் மாண்டனர். இத்தகைய நாட்டில் வாழும் ஒரு தந்தை, ‘என் வீட்டை நானே காப்பேன்’ என்று எண்ணுவது வியப்பன்று. எண்ணியது சரியா என்பதே வினா.

இரு அணிகளின் வாதம்

அவ்வமயம் எம் பங்கின் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. ஆண்டுதோறும் இளைஞர் நடத்தும் பட்டிமன்றத்திற்குத் தலைப்பு வேண்டும் என்று வந்தார்கள். ‘கூட்டக் கொலைகளைத் தடுக்க வல்லது கடுமையான துப்பாக்கிச் சட்டமே, அன்று, மனித உள்ளங்களைக் காக்கும் பணியே’ என்று கொடுத்தேன். எனக்கே விடை தேவைப்பட்டது என்பதை அவர்களிடம் கூறவில்லை.

சட்டத்தின் பக்கம் நின்றவர் ஓர் ஆசிரியை. அமெரிக்காவில் குடிமக்களின் கையிலுள்ள துப்பாக்கிகளின் எண்ணிக்கை மக்கள்தொகையையும் மிஞ்சியது என்று தொடங்கினார். ஸ்காட்லாந்தின் டன்பிளேன் பள்ளியில் 1996 மார்ச் 13 அன்று 16 குழந்தைகளும் அவர்தம் ஆசிரியையும் கொல்லப்பட்டனர். மறு ஆண்டே பிரிட்டன் கைத்துப்பாக்கிகளைத் தடை செய்தது. அதே 1996 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவின் போர்ட் ஆர்தரில் 35 பேர் மாண்டனர். இரு வாரங்களுக்குள் அந்நாட்டு அரசுகள் கூடிப் புதிய சட்டத்திற்கு இசைந்தன. ஏறத்தாழ 6,50,000 துப்பாக்கிகளை விலை கொடுத்து மீட்டு அழித்தன. அதற்கு முந்தைய 18 ஆண்டுகளில் ஐவரோ அதற்கு மேற்பட்டோரோ பலியான துப்பாக்கிச் சூடுகள் 13 நிகழ்ந்த நாட்டில், பின்னர் 20 ஆண்டுகளுக்கு மேல் அத்தகைய ஒன்றேனும் நிகழவில்லை. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரப் பள்ளிவாசல்களில் 2019 மார்ச் 15 அன்று 51 பேர் கொல்லப்பட்டபோது, ஒரு திங்களுக்குள் புதிய சட்டம் பிறந்தது.

“நம் நாட்டில் இக்கொடுமை அரிதாயிருப்பது நாம் அனைவரும் புனிதர் என்பதாலா?” என்று அவர் கேட்டதும் கூட்டம் சிரித்தது. “1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இன்றி எவரும் துப்பாக்கி வைத்திருத்தல் குற்றம். காவல்துறை விசாரணை வேண்டும். 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். 2019-ல் செய்த திருத்தத்தால், ஒருவர் மூன்று துப்பாக்கிகள் வைத்துக்கொள்ளலாம் என்றிருந்தது இரண்டாகக் குறைக்கப்பட்டது. தேர்தல் வந்தால் உரிமம் உள்ளவர்களும் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லப்படுவதை நாம் காண்கிறோம். உணர்ச்சி கொந்தளிக்கும் வேளையில் ஆயுதம் கைக்கெட்டாத் தூரத்தில் இருக்கவேண்டும் என்பதுதானே இதன் பொருள்?”

எதிரணித் தலைவர் படையிலிருந்து ஓய்வுபெற்றவர். துப்பாக்கியை அக்கூட்டத்திலேயே நன்கறிந்தவர். “சட்டம் நல்லவனைக் கட்டும், கெட்டவன் உரிமம் கேட்டா வருகிறான்?” என்று தொடங்கினார். 1878-ல் ஆங்கிலேயர் இயற்றிய ஆயுதச் சட்டம் இந்தியனுக்கு ஒரு நீதி, ஐரோப்பியனுக்கு ஒரு நீதி என்றிருந்ததை நினைவூட்டினார். சுவிட்சர்லாந்தில் வீடுகளில் துப்பாக்கி மிகுதி, ஆயினும் அமெரிக்காவைப் போல் இரத்த ஆறு ஓடவில்லை என்றார். 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறன்று, கொச்சிக்கடை அந்தோணியார் ஆலயத்திலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் நம் சகோதரர்களைக் கொன்றது துப்பாக்கியா? வெடிகுண்டு! முன்கூட்டியே எச்சரிக்கை வந்தும், அதைக் கேட்கவேண்டியவர்கள் கேளாமல் இருந்தார்கள்.

பின்னர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “அவ்வளவு தூரம் போவானேன்? கள்ளச் சாராயத்திற்குச் சட்டம் இல்லையா? இருந்தும் 2023 மே மாதம் நம் எக்கியார்குப்பத்தில் பத்துக்கும் மேற்பட்டோர் சாகவில்லையா?” மன்றம் ஊமையாயிற்று. அங்கே அமர்ந்திருந்தவர்களுள் அந்த இழவு வீடுகளுக்குச் சென்று வந்தவர்கள் பலர்.

கோபியில் பிறந்த பேராசிரியர்

தீர்ப்புக் கூற எழுந்த நான், இரு அணியாரையும் ஒரு தமிழரின் கதையைக் கேட்க வேண்டினேன்.

ஜி.வி. லோகநாதன் கோபிசெட்டிபாளையத்திற்கு அருகில் ஒரு சிற்றூரில் பிறந்தவர். நீரியல் துறையில் புலமை பெற்றவர். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், பிளாக்ஸ்பர்க் ஊரிலுள்ள வர்ஜீனியா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஏறக்குறைய 25 ஆண்டுகள் ஆசிரியராயிருந்தார். 2007 ஏப்ரல் 16, திங்கட்கிழமை காலை, நாரிஸ் கட்டடத்தில் அவர் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். அப்பல்கலைக்கழக மாணவன் ஒருவன் இரு கைத்துப்பாக்கிகளுடன் உள்ளே நுழைந்தான். அன்று காலை அவன் கொன்றவர்கள் 32 பேர். பேராசிரியரும், அவர் வகுப்பில் அமர்ந்திருந்த மும்பை மாணவி ஒருவரும் அவர்களுள் அடங்குவர். கொலைஞனின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. பெயர் வாங்கவேண்டும் என்பதே இத்தகையோரில் சிலருக்கு வேட்கையாயிருத்தலால், அதனை அவர்களுக்கு அளிக்காதிருப்பதும் ஒரு தடுப்பு முறையே. நியூசிலாந்தின் பிரதமர் ஜெசிந்தா ஆர்டன் 2019-ல் அவ்வாறே உறுதி பூண்டார்.

பின்னர் நடந்த விசாரணை வெளிக்கொணர்ந்தவை இரு அணியாரும் கருதத்தக்கவை.

முதலாவது, சட்டத்தில் ஓட்டை இருந்தது. 2005 டிசம்பரிலேயே அவ்விளைஞன் தனக்குத் தானே ஆபத்தானவன் என்று ஒரு நீதிமன்ற அலுவலர் கண்டு, சிகிச்சை பெறுமாறு ஆணையிட்டிருந்தார். ஆனால் மருத்துவமனையில் தங்காமல் வெளியிலிருந்தே சிகிச்சை என்று ஆணை இருந்ததால், அச்செய்தி துப்பாக்கி வாங்குவோரைச் சோதிக்கும் பதிவேட்டிற்குச் செல்லவில்லை. எனவே அவன் கடையில், பணம் கொடுத்து, எத்தடையுமின்றி வாங்கினான். ஒரு திங்களில் ஒன்றுக்கு மேல் வாங்கலாகாது என்று அம்மாநிலத்தில் விதி இருந்தது. அவன் பொறுமையாகக் காத்திருந்து இரண்டாவதை வாங்கினான்.

இரண்டாவது, அவனைக் கண்டவர்கள் இருந்தார்கள், கேட்டவர்கள் இருந்தார்கள். அவன் எழுதியவற்றைக் கண்டு ஆசிரியர்கள் கலங்கினர். ஒரு பேராசிரியை அவனை வகுப்பிலிருந்து பிரித்துத் தனியே கற்பித்தார். உடன் தங்கிய மாணவர்கள் அறிந்தது ஒன்று. காவலர் அறிந்தது வேறொன்று. மருத்துவ நிலையம் அறிந்தது மற்றொன்று. எல்லாரிடமும் ஒரு துண்டு இருந்தது. துண்டுகளைச் சேர்த்துப் பார்க்கத்தான் எவரும் இல்லை.

அதன் பின்னரே வர்ஜீனியா அந்த ஓட்டையை அடைத்தது. 2008-ல், அரசுக் கல்லூரிகள் யாவும் மனநல வல்லுநர், காவலர் முதலியோர் அடங்கிய குழு ஒன்றை அமைத்து, ஆபத்தின் அறிகுறிகளை ஆராயவேண்டும் என்று சட்டமும் செய்தது. உள்ளங்களைக் காக்கும் பணிக்கே ஒரு சட்டம்! எனவே, இரு அணியாரும் ஒரே வீட்டின் இரு கதவுகளைக் காவல் காக்கிறீர்கள் என்றேன்.

கொலை இருவகை. ஒன்று, குப்பென்று பற்றும் வைக்கோல் போன்ற சினத்தால் விளைவது. இதைத் தடுப்பது பூட்டு. மற்றொன்று, உமிக்குள் கனலும் நெருப்பைப் போல் நெடுநாள் வளர்த்த வஞ்சத்தால் விளைவது. கூட்டக் கொலை பெரும்பாலும் இவ்வகையினது. வஞ்சம் வளரும் காலத்தில் அது எங்கேனும் புகையும். அமெரிக்கப் பள்ளிகளில் சுட்டோரைப் பற்றி ஆராய்ந்தவர்கள், அவர்களிற் பலர் முன்னதாகவே எவரிடமாவது சொல்லியோ எழுதியோ இருந்ததைக் கண்டனர். அதைத் தடுப்பது செவி. ஆனால் செவி கேட்டு என்ன பயன், கேட்டவுடன் துப்பாக்கியை அப்புறப்படுத்தச் சட்டம் இல்லாவிடில்? 2018 பெப்ருவரியில் பார்க்லாண்ட் பள்ளியில் 17 பேர் மாண்டபின் புளோரிடா மாநிலம், ஆபத்தானவன் என்று காணப்படுபவனிடமிருந்து நீதிமன்ற ஆணையால் ஆயுதத்தை விலக்கி வைக்க வழி செய்தது.

சட்டம் ஒன்றே போதும் என்றும் நான் கூறேன். ஆஸ்திரேலியாவிலேயே 2018-ல் ஒரு குடும்பத்தார் எழுவர் துப்பாக்கியால் மாண்டனர். 2025 டிசம்பரில் சிட்னியின் போண்டை கடற்கரையில், யூத மக்களின் விழாக் கூட்டத்தில் பலர் கொல்லப்பட்டனர். வரப்புக் கட்டியதால் கடல் வற்றிவிடுவதில்லை என்பது உப்பளக்காரருக்குத் தெரியும். அதற்காக எவரும் வரப்பை வெட்டிவிடுவதுமில்லை. உடைந்த இடத்தில் மண் அணைக்கிறோம்.

நம் கரையிலே

இது அயல்நாட்டுச் செய்தியன்றோ, நமக்கென்ன என்று கேட்பீர்கள். 2013 ஏப்ரல் 25, சித்திரைப் பௌர்ணமி நாளை மரக்காணத்தார் எவரும் மறந்திரார். மாமல்லபுரத்து மாநாட்டிற்குச் சென்றோருக்கும் இவ்வூராருக்குமிடையே மூண்ட சாதிக் கலவரத்தில் குடிசைகள் எரிந்தன, பேருந்துகள் எரிந்தன. இரு உயிர்கள் போயின. அன்று கையில் இருந்தவை கல்லும் கழியும் தீயும். அந்தக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒவ்வொரு வீட்டிலும் துப்பாக்கி ஒன்று இருந்திருக்குமாயின், பிணங்களை எண்ண எத்தனை நாள் ஆகியிருக்கும்? நம்மைக் காத்தது நம் நற்குணமன்று. ஆயுதம் அருகில் இல்லாமையே. நம் கழுவெளி ஏரி 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அங்கு வேட்டைக்கு வரும் நாட்டுத் துப்பாக்கி இன்று பறவையை வீழ்த்துவது. நாளை குடிவெறியில் வரப்புத் தகராறு மூண்டால் அதன் முனை எங்கே திரும்பும்?

‘கொல்லத் துணிந்தவன் வேறு வழி தேடிக்கொள்வான்’ என்பார்கள். இது முழு உண்மையன்று. இலங்கையில் கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்ததன் பின், 1995-ல் உச்சத்திலிருந்த தற்கொலை அளவு, அடுத்த 20 ஆண்டுகளில் ஏறத்தாழ 70 விழுக்காடு குறைந்தது. நமக்கு அண்மையில், காட்டுமன்னார்கோயில் வட்டாரச் சிற்றூர்களில், ஊருக்குப் பொதுவான இடத்தில் பெட்டிகள் அமைத்து, உழவர் தம் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் அங்கே பூட்டி வைக்கச் செய்தனர். அவ்வூர்களில் மருந்து குடித்து மாள்வோர் குறைந்தனர் என்று 2013-ல் வெளியான ஆய்வு உரைத்தது. வீட்டிற்கும் பெட்டிக்கும் இடையிலுள்ள நடை தூரம் உயிர்களைக் காத்தது! அமெரிக்காவிலும் துப்பாக்கியால் மாள்வோரில் பாதிக்கு மேற்பட்டோர் தம்மைத் தாமே சுட்டுக்கொள்பவர்கள்தாம். கள்வனுக்கென்று வாங்கிய துப்பாக்கி பெரும்பாலும் வீட்டாரையே வீழ்த்துகிறது.

இன்னொன்றையும் கூறாதுவிடின் என் தீர்ப்பு நடுநிலையாகாது. கட்டுப்பாடு குடிமகனின் துப்பாக்கிக்கு மட்டுமன்று. 2018 மே மாதம் தூத்துக்குடியில், ஆலையை எதிர்த்த மக்கள்மீது காவலர் சுட்டதில் 13 பேர் மாண்டனர். அவ்வழியே கடலோரக் கத்தோலிக்கக் குடும்பங்களிலும் ஒப்பாரி கேட்டது. நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. சுடத்தக்க நிலை அன்று இருக்கவில்லை என்றது அது. எச்சரிக்கை, கண்ணீர்ப்புகை, தடியடி, அதன் பின்னரே துப்பாக்கி என்னும் படிகள் ஏட்டில் இருந்தன. துப்பாக்கி அரசின் கையில் மட்டும் இருக்கட்டும் என்போர், அந்தக் கையையும் சட்டம் கட்டவேண்டும் என்று கேட்கக் கடமைப்பட்டவர்கள்.

எழுதிய கடிதம்

திருவிழா முடிந்த மறுநாள் அத்தாயின் மகனுக்குக் கடிதம் எழுதினேன். அதன் சாரத்தை இங்கே தருகிறேன். கடல் கடந்து பிள்ளைகளை அனுப்பியுள்ள குடும்பங்கள் நம் பங்குகளில் பல அன்றோ?

“மகனே, உன் அச்சத்தை நான் எள்ளி நகையாடவில்லை. ஆனால் எண்ணிப் பார். யுவால்டி பள்ளிக்கு ஏறத்தாழ 400 காவலர்கள் ஆயுதத்தோடு வந்தும், கொலைஞனை நெருங்க 77 நிமிடங்கள் ஆயின. பயிற்சி பெற்றோர்க்கே அந்நிலை என்றால், உறக்கத்திலிருந்து எழும் உனக்கு அந்தக் கருவி எவ்வளவு காப்பு?

“மிச்சிகன் மாநிலத்து ஆக்ஸ்ஃபோர்டு பள்ளியில் 2021 நவம்பர் 30 அன்று 15 வயதுச் சிறுவன் 4 மாணவரைக் கொன்றான். துப்பாக்கி, சில நாள்களுக்கு முன் தந்தை வாங்கித் தந்தது. அன்று காலையிலேயே அவன் வரைந்த படத்தைக் கண்டு அஞ்சிப் பள்ளியார் பெற்றோரை அழைத்தனர். அவர்கள் அவனை வீட்டிற்கு அழைத்துச் செல்லவில்லை. 2024-ல் தாயும் தந்தையும் சிறை சென்றனர். அந்நாட்டுப் பள்ளிகளில் சுட்ட சிறுவரிற் பெரும்பாலோர் ஆயுதத்தைத் தம் வீட்டிலிருந்தோ உறவினர் வீட்டிலிருந்தோதான் எடுத்தனர்.

“ஆகவே, இயலுமாயின் அதனை வீட்டைவிட்டு அகற்று. உடனே மனம் வராவிடில், தோட்டாவை எடுத்துவிட்டு இரும்புப் பெட்டியில் பூட்டு. தோட்டா வேறிடத்தில் இருக்கட்டும். சுவிட்சர்லாந்தைக் காட்டிப் பேசுவோர்க்குச் சொல்: அங்கும் 2007 முதல் படைவீரர் பெரும்பாலோர் வீட்டிற்குத் தோட்டா கொடுத்தனுப்பப்படுவதில்லை. பிள்ளைகள் விளையாடப் போகும் வீட்டில் துப்பாக்கி உண்டா, பூட்டியுள்ளதா என்று வெட்கப்படாமல் கேள். எல்லாவற்றிற்கும் மேலாக, மாலையில் அரை மணி நேரம் பிள்ளைகளோடு அமர்ந்து, வகுப்பில் யார் தனியே உண்கிறான், யார் பயமுறுத்திப் பேசுகிறான் என்று கேள். கேட்டதை விளையாட்டென்று தள்ளாதே, பள்ளிக்குச் சொல்.

“ஆயனைக் காக்க இராயப்பர் வாளை உருவியபோது, அதை உறையில் இடுமாறு ஆண்டவர் பணித்தார். வெட்டுண்ட காதையும் அவரே தொட்டுக் குணமாக்கினார். இரண்டும் ஒரே இரவில் நடந்தவை. ஆயுதத்தை விலக்குவதும் காயத்தை ஆற்றுவதும் வெவ்வேறு பணிகளல்ல.”

திருத்தந்தை பதினான்காம் லியோ, மினியாபொலிஸ் குழந்தைகளுக்காக 2025 ஆகஸ்ட் 31 அன்று மன்றாடியபோது, பெரிதும் சிறிதுமான ஆயுதங்கள் உலகைக் கொள்ளைநோயாய்ப் பற்றியிருப்பதைக் குறிப்பிட்டார். கொள்ளைநோய்க்கு மருந்தும் வேண்டும், தடுப்பும் வேண்டும், நோயாளியின் அருகே அமர்பவரும் வேண்டும். முதலிரண்டும் அரசின் கடமை; மூன்றாவது நம் கடமை. நம் ஊரிலும் பள்ளியை விட்டு நின்றுவிட்ட சிறுவன், எவரோடும் பேசாத இளைஞன், ‘ஒரு நாள் எல்லாரையும் பார்த்துக்கொள்கிறேன்’ என்று கறுவுபவன் இல்லையா? மாதா சபையாரும் இளைஞர் சபையாரும் நோயுற்ற முதியோரைச் சந்திப்பது போல், இவர்களையும் தேடிச் செல்லலாகாதா?

மூன்று வாரம் கழித்து அத்தாய் மீண்டும் தூணருகே நின்றார். கைப்பேசியில் ஒரு படம் காட்டினார்: சுவரோடு பிணைத்த இரும்புப் பெட்டி.

“பூட்டிட்டானாம் சாமி. குண்டு வேற எடத்துல இருக்காம். ராத்திரியில புள்ளைங்களோட ஒக்காந்து பேசுறானாம், மருமகப் பொண்ணு சொல்லுச்சு.”

“நல்லது அம்மா.”

அவர் படத்தை மறுபடியும் பார்த்தார். “ஆனாலும் அது அங்க இல்லாமலே இருந்தா நல்லாருக்கும் சாமி.”

“ஆம் அம்மா. நானும் அப்படித்தான் எண்ணுகிறேன். இன்னொரு கடிதம் எழுதுகிறேன்” என்றேன்.

அவர் தலையசைத்துவிட்டு, சேலை முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு உப்பளத்தை நோக்கி நடந்தார்.